கன்னங்குறிச்சி பஸ்ஸில் ஒரு தூக்கம்

அஸ்தம்பட்டி ரவுண்டானா தாண்டியதுமே
கௌசிகா தூங்கிவிட்டாள்.
ஜன்னல் கம்பியில் நெற்றி,
வாய் லேசாகத் திறந்து,
கீழுதட்டில்
தட்டுவடை செட்டின் காரச் சட்னி
சிவப்பாய் ஒரு கோடு.
ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும்
பிளஸ் ஒன் பெண்கள் எல்லோரும்
அப்படித்தான் தூங்குவோம்.

எனக்குச் சிரிப்பு வந்தது,
அவ்வளவுதான்.
கோபமில்லை, பொறாமையில்லை,
யாரும் பந்தயம் கட்டவில்லை.
போன் இருந்தது.
கை இருந்தது.

பதினான்கு நொடி எடுத்தேன்.
ஏதோ ஒரு குறட்டைச் சத்தத்தை
மேலே ஒட்டினேன்.
‘நாளைய டாக்டர்’ என்று எழுதி
அழ அழச் சிரிக்கும் முகம் மூன்று வைத்தேன்.
மூன்று வைத்தது நினைவிருக்கிறது,
யோசித்தது நினைவில்லை.
போட்டுவிட்டேன்.

அவள் மடியில் போன் அதிர்ந்தது.
பாதிக் கண் திறந்தாள்.
கட்டைவிரலால் இரண்டு தட்டு.
மறுபடி கம்பியில் சாய்ந்துவிட்டாள்.

முதல் இதயம் அவளுடையது.

அப்பா ஏற்காட்டு பஸ் ஓட்டுகிறவர்.
இருபது கொண்டை ஊசி வளைவு
ஏறி இறங்கி, ஏறி இறங்கி
வீட்டில் பாயில் படுத்தாலும்
வலது கால் எதையோ மிதித்துக்கொண்டே இருக்கும்.
அம்மாவும் நானும் சிரிப்போம்.
அதையும் ஒருமுறை எடுத்துப் போட்டேன்,
நிறையப் பேர் பார்த்தார்கள்.
என் கட்டைவிரலுக்கு
அந்தக் காலின் பழக்கம் வரவில்லை.

சின்னத் திருப்பதி நிறுத்தத்தில் நாற்பது பேர்.
ஒரு பூக்கூடை ஏறியது,
கண்டக்டர் சில்லறைக்குச் சண்டை போட்டார்,
நூற்றுப் பன்னிரண்டு.
புவனேஷ் எழுதினான்: ‘செத்தேன்’.
ரிஸ்வானா மட்டும் தனியாக அனுப்பினாள்:
‘ஏய், அவகிட்ட கேட்டியா?’

கேட்டியா.
பக்கத்தில்தான் இருந்தாள்.
அவள் தோள் என் தோளில்
பஸ் குலுங்கும்போதெல்லாம் இடித்தது.

மூக்கனேரிக் காற்று உள்ளே வந்தபோது
அழித்தேன்.
மொத்தம் பதினோரு நிமிடம்.
‘ஸ்டாப் வந்துடுச்சுடி’ என்று எழுப்பினேன்.
புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு
‘நல்லா தூங்கிட்டேன்ல?’ என்றாள்.

பதினோரு நிமிடம் போதுமாக இருந்திருக்கிறது.
அன்று ராத்திரியே
அவள் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து
ஸ்டிக்கர் ஆக்கியிருந்தார்கள்.
வகுப்பு குரூப்பில் குட்நைட்டுக்கு அதுதான்.
கெமிஸ்ட்ரி டெஸ்ட் தள்ளிப்போனால் அதுதான்.
யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது,
எல்லோருக்கும் முன்னால் அவரவர் போனில் இருந்தது.
என் போனிலும்
தானாகச் சேமித்துக்கொண்டு
சின்ன வட்ட முகமாய்,
சட்னிக் கோடு அப்படியே.

அவளிடம் சொல்ல வேண்டும் என்று
ஆறு முறை டைப் செய்தேன்.
‘சாரிடி’ என்று ஆரம்பித்தால்
‘சாரி’க்குப் பக்கத்திலேயே
போன் எனக்கு எடுத்துக் கொடுப்பது
அந்த அழுது சிரிக்கும் முகத்தை.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
அதே பெஞ்ச்.
அதே ஜாமெட்ரி பாக்ஸ், நடுவில்,
இரண்டு பேருக்கும் பொதுவாக.
‘அன்றைக்கு இதயம் போட்டாயே,
பார்த்துத்தான் போட்டாயா?’
என்று கேட்க எனக்கு ஆசை.
பார்க்காமல் போட்டிருந்தால்
அவளும் நானும் ஒரே சாதி
என்று கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.
பார்த்துவிட்டுப் போட்டிருந்தால்
என்ன செய்வது என்று தெரியவில்லை.
அந்த இதயத்தைக் காட்டவும் வழியில்லை,
வீடியோவோடு சேர்ந்து
அதுவும் அழிந்துவிட்டது.

இப்போதும் அதே பஸ்.
சாயங்காலம் ஆறே முக்கால்,
தூரத்தில் மலைப்பாதை லைட்டுகள்
ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும்.
என் போன் பைக்குள்,
ரெக்கார்டு நோட்டுக்கும் அடியில்.
அதை அவளுக்குத் தெரிகிற மாதிரிதான்
உள்ளே வைக்கிறேன்.

கண் சிவந்திருக்கிறது அவளுக்கு.
கொட்டாவியைக் கைக்குட்டைக்குள் விடுகிறாள்.
கன்னங்குறிச்சி வரும்வரை
நிமிர்ந்து உட்கார்ந்து
வாயை மூடிக்கொண்டு
விழித்தே வருகிறாள்.